ஒரு பெடல் குறைகிறது

சாயங்காலம் நவி மும்பை ஐரோலியில் மைண்ட்ஸ்பேஸ் வளாகத்தை விட்டு வெளியே வரும் கூட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கழுத்தில் அட்டை, முதுகில் லேப்டாப் பை, முகத்தில் டீம் மீட்டிங் களைப்பு என்று எல்லோரையும் போலத்தான் இருப்பார். வித்தியாசம் கைப்பேசியில் இருக்கிறது. மற்றவர்கள் ஷேர் ஆட்டோ வரும்வரை கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க, இவர் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பிறந்த ஒரு சின்ன உலோகப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கி, அதன் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தரிசித்துக்கொண்டிருப்பார்.

இவர் பாஸ் கிதார் வாசிப்பவர். அதாவது, பாஸ் கிதார் வாசிக்கத் தேவையான ஆம்பையும் பெடலையும் பல வருடங்களாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பவர்.

பூர்வீகத்தை விசாரித்தால் மூன்றில் ஒன்றாக இருக்கும். மாட்டுங்காவில் பிறந்தவர் என்றால் வீட்டில் மிருதங்கமோ வயலினோ கற்கச் சொல்லி, சண்முகானந்தா அரங்குக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பார்கள். தாராவி என்றால் கணபதி மேடை மெல்லிசைக் குழு. செம்பூர் என்றால் கல்லூரி ராக் குழு; அதில் லீட் கிதாருக்கு நான்கு பேர் போட்டியிட, விட்டுக்கொடுத்தவர் பாஸுக்கு வந்திருப்பார். பின்னால் வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று மூவரும் முலுண்ட் பாலம் தாண்டி ஐரோலியில் வந்து சேர்ந்தார்கள்.

மூவருக்கும் பொதுவான வியாதிக்குக் காரணம் இளையராஜா. எண்பதுகளின் பாட்டில் எல்லோரும் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க, இவர் காது மட்டும் கீழே தனியாக நடந்து போகும் அந்தத் தடித்த ஒலியின் பின்னால் போய்விட்டது. அதை வாசித்தவர் சசிதரன் என்று தெரிந்ததும் அவர் குலதெய்வமானார். பிறகு ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இப்போது மும்பையில் வளர்ந்த மோகினி டே; 1996-இல் பிறந்த அந்தப் பெண்ணின் விரல்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு நம்மவர் பெருமூச்சு விடுவார். விரலைப் பற்றிய பெருமூச்சு அல்ல. "அந்த கம்ப்ரெஸர் என்னன்னு தெரியலையே" என்பதுதான் கவலை.

முதலில் ஆம்ப். இங்கே இயற்பியல் இவருக்கு எதிராக நிற்கிறது. பாஸ் கிதாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஐரோலியில் ஒரு சாதாரண ஃபிளாட்டின் ஹால் அதில் பாதிதான் இருக்கும். அலை சுவரில் மோதித் திரும்பி, அறையின் ஒரு மூலையில் இடியாகவும் நடுவில் ஒன்றுமில்லாமலும் கேட்கும். நம்மவர் நிற்பது எப்போதும் அந்த ஒன்றுமில்லாத இடத்தில்.

போதாததற்கு, மெல்லிய சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். எனவே "டோன் உட்காரவே மாட்டேங்குது" என்று சத்தத்தைக் கூட்டுகிறார். சுவர் கீச்சுக் குரலைத் தடுக்கும். பாஸை வழியனுப்பி வைக்கும். இவருக்குக் கேட்காத நோட்டெல்லாம் கீழ்வீட்டு மராட்டிப் பெரியவர் 'காக்கா'வின் கட்டில் வரை போய்ச் சேர்கிறது. பாவம், நல்ல மனிதர். படியில் எதிர்ப்பட்டால் "அரே, ஜரா ஹளூ" (கொஞ்சம் மெதுவா) என்பதோடு விட்டுவிடுவார். ஒலி மாசு விதிகள் வந்தது 2000-இல். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அவை சொல்கின்றன. சாதாரணப் பேச்சே அறுபதை எட்டும். இந்த வரம்புக்குள் வாசிப்பதற்காக நம்மவர் தேடிக்கொண்டிருப்பது 500 வாட் ஆம்ப்.

கனவு அதைவிடப் பெரியது. அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969-இல் எஸ்விடி என்றொரு ஆம்பை உருவாக்கியது. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் முதன்முதலாக அதை மேடையேற்றினார்கள். 300 வாட், 14 வால்வுகள். தலைப்பகுதி மட்டும் 40 கிலோவை ஒட்டும். எட்டு ஸ்பீக்கர் அடங்கிய கேபினட் 60 கிலோவுக்கும் மேல். இதன் படம்தான் இவர் அலுவலகக் கணினியின் திரையில் இருக்கிறது. சக ஊழியர்கள் அதை ஏதோ ஃபிரிட்ஜ் என்று நினைத்திருக்கிறார்கள். தவறு சொல்ல முடியாது. மேடைக்காரர்களே அந்தக் கேபினட்டை ஃபிரிட்ஜ் என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

இதை வாங்கி, ஐரோலி ஸ்டேஷனில் ஏற்றி, தாணேயில் இறக்கி, மேம்பாலப் படி ஏறி, ஸ்லோ லோக்கலின் லக்கேஜ் பெட்டியில் மீன்கூடைகளுக்கு நடுவே நிறுத்தி மாட்டுங்கா கொண்டுபோவது எப்படி என்று ஒருநாள் மனக்கணக்குப் போட்டிருப்பார். அன்றே கிளாஸ்-டி என்ற புதிய ஜாதி ஆம்புகள் மீது அவருக்கு மரியாதை வந்தது. அவர் தேடும் 500 வாட்டை மூன்று கிலோ சொச்சத்தில் அடக்கிவிடுகின்றன. டிபன் கேரியரோடு சேர்த்து ஒரே கையில் தூக்கலாம்.

ஆனால் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: 500 போதுமா, 800 வேண்டுமா? வாட் இரட்டிப்பானால் கூடுவது மூன்றே டெசிபல். காதுக்கு 'இரு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 500-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசத்தை விலைச்சீட்டுதான் தெளிவாகச் சொல்லும். உண்மையில் சத்தத்தைத் தீர்மானிப்பதில் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கைக்கும் திறனுக்கும் பெரிய பங்கு உண்டு. எட்டு ஓம் கேபினட் ஒன்றுக்கு இரண்டாக இணைத்தால் நான்கு ஓம் ஆகி, ஆம்ப் தன் முழு வாட்டையும் தரும். இதெல்லாம் இவருக்கு அத்துப்படி. பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கி முடிக்கும்போது வாஷி வந்திருக்கும். இத்தனை தெரிந்தும் 800-தான் வேண்டும் என்பார்.

சனிக்கிழமைகளில் இவரைத் தோபி தலாவில் பார்க்கலாம். 1865 முதல் இருக்கும் ஃபர்டாடோஸ் இசைக்கருவிக் கடை இவருக்குக் கோயில் மாதிரி. பக்கத்தில் ரங் பவன் திறந்தவெளி அரங்கு. 1986-இல் தொடங்கிய இன்டிபெண்டன்ஸ் ராக் விழா அங்கே எத்தனையோ பையன்களை பாஸ் பக்கம் திருப்பியது. ஆஸ்பத்திரியும் கல்லூரியும் அருகில் இருப்பதால் அமைதி மண்டலமாகி அங்கே கச்சேரிகள் நின்றுபோயின. அதைக் கடக்கும்போது நம்மவர் செருப்பைக் கழற்றாத குறை. எந்தக் கடைக்குள் போனாலும், எந்த ஆம்பைச் சோதித்தாலும் இவர் வாசிப்பது அதே நான்கு நோட்டுகள். பிறகு கண்ணை மூடி, "மிட்ஸ் கொஞ்சம் முன்னால நிக்குது" என்பார். கடைப் பையன்களும் தலையாட்டுவார்கள். வாங்கப் போவதில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

ஆம்ப் பெரியது, மனைவி கண்ணில் படும். பெடல் சிறியது. ஆபத்து அங்கேதான்.

அடிப்படையில் தேவை கொஞ்சம்தான். சுருதி பார்க்க ஒரு டியூனர். ஓங்கி அடித்த நோட்டையும் தடவி விட்ட நோட்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவர கம்ப்ரெஸர். ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் சேர்க்க ஆக்டேவ். கொஞ்சம் கரகரப்புக்கு ஓவர்டிரைவ். கிதாருக்கான ஓவர்டிரைவில் பாஸைச் சொருகினால் கரகரப்பு வரும், அடித்தளம் காணாமல் போகும். அதனால் பாஸுக்கென்று செய்த பெடல்களில் சுத்தமான ஒலியையும் கலந்துவிட ஒரு 'பிளெண்ட்' குமிழ் இருக்கும். இந்த ஒரு தகவல் தெரிந்ததும் பழைய பெடல்கள் எல்லாம் வீண் என்றாகி, நம்மவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஆக்டேவ் கதை தனி. ஜப்பானின் பாஸ் (Boss) நிறுவனம் 1982-இல் ஓசி-2 என்ற பழுப்புப் பெட்டியை வெளியிட்டது. ரொம்பத் தாழ்ந்த நோட்டுகளில் அது தடுமாறிக் கொரகொரக்கும். அந்தக் கொரகொரப்புக்குத்தான் பக்தர்கள். தயாரிப்பு நின்று பல வருடம் கழித்து, 2020-இல் அதே நிறுவனம் ஓசி-5 கொண்டுவந்தது; பழையதைப் போலவே ஒலிக்க அதில் ஒரு சுவிட்ச் உண்டு. நம்மவர் ஓசி-5 வாங்கினார். பிறகு அந்தச் சுவிட்ச் உண்மையாகவே பழையதைப் போல ஒலிக்கிறதா என்று சரிபார்க்க ஒரு பழைய ஓசி-2 வாங்கினார்.

"போன மாசமும் இதேதானே வந்தது?" என்று மனைவி கேட்பார்.

"அது வேற, இது வேற."

"ரெண்டும் டொய்ங்குன்னுதானே கேக்குது?"

இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் குக்கர் நாலு விசில் அடித்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவின் தீர்ப்பு இன்னும் கறார். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பி, வேண்டிய கனத்துக்கு ஒலியை இறக்குவதை ஆயுசு பூராவும் பார்த்தவர் அவர். "ஏண்டா, ஒரு ஸ்பூன் ரவையில முடியற விஷயத்துக்கு இத்தனை டப்பாவா?" என்பார். சங்கீத வரலாற்றில் இதைவிட மலிவான பாஸ் பெடல் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எறிந்துவிடலாம், வெல்க்ரோ வேண்டாம்.

வெளிநாட்டுச் சரக்குக்கு மச்சினர் இருக்கிறார். நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வரும் அவர், அப்பாவுக்கு வைட்டமின், அக்காவுக்கு வாசனைத் திரவியம், அத்தானுக்கு நாலு குமிழும் ஒரு சிவப்பு விளக்கும் உள்ள கனத்த இரும்புப் பெட்டி என்று கொண்டுவருவார். மும்பை விமான நிலையத்தில் பையைத் திறந்து, "இதைக் காலால் மிதிப்பார்கள்" என்று அவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். பெடல் ஒன்பது வோல்ட்டில் ஓடுவதால் அதில் சிக்கல் இல்லை. ஆம்ப் அப்படியல்ல. அமெரிக்கச் சுவரில் 120 வோல்ட், நம் சுவரில் 230. அங்கத்திய மின்சாரத்துக்கு மட்டும் செய்த ஆம்பை இங்கே நேரே சொருகினால், ஃபியூஸ் முந்திக்கொண்டு உயிரை விட்டால் நம் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டி இணைத்த இரவில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழும். ஒரே அடாப்டரிலிருந்து ஏழு பெட்டிக்குச் சங்கிலியாக மின்சாரம் கொடுத்ததன் பலன். எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட்டும் சேர்ந்துகொள்ளும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பாஸின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டை அழுத்தினால் வரும் ஜி நோட்டு 49. ஆக மகாவிதரண் மின்வாரியம் இலவசமாக வழங்கும் ரீங்காரம், சுருதி சற்றே ஏறிய ஜி. அமெரிக்காவில் 60 சுழற்சி என்பதால் அது எந்த நோட்டிலும் உட்காராமல் இரண்டுக்கு நடுவே தொங்கும். இந்தியாவில் பாஸ் வாசிப்பவனுக்கு உள்ள ஒரே அனுகூலம் இதுதான். ஜி-யில் பாட்டு இருந்தால் பாதி வேலையை மின்வாரியமே பார்த்துக்கொள்ளும். நம்மவருக்கு இந்த ஹாஸ்யம் பிடிக்காது. தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை வாங்குவார். அது வந்ததும் பலகையில் இடம் போதாது. பெரிய பலகை வாங்குவார். அதில் ஓரிடம் காலியாக இருக்கும்.

"ஒரு பெடல் குறையுது" என்பார்.

இத்தனை ஆராய்ச்சியில் ஆராயாமல் வாங்கிய ஒரே பொருள் கிதாரைத் தோளில் மாட்டும் வார். தாராவித் தோல் கடையில் ஐந்து நிமிடத்தில் பேரம் பேசி வாங்கியது. இருபது வருடமாக அது மட்டும்தான் மாறவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை கணபதி பந்தலில் மேடை கிடைக்கும். பழைய தோழர்கள் கூடி எண்பதுகளின் பாட்டு வாசிப்பார்கள். நம்மவர் ஆம்ப், கேபினட், பலகை எல்லாவற்றையும் டெம்போவில் கொண்டுவந்து, கேபிள்களை இணைத்து முடிக்கும்போது மணி எட்டரை. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். அரசு தளர்த்தும் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விடுவார்கள். சவுண்ட் காண்டிராக்டர் குட்கா மென்றபடி வந்து, பலகையை ஒரு பார்வை பார்த்து, சோப்புப் பெட்டி அளவில் ஒரு டிஐ பாக்ஸை எடுத்து, கிதார் கேபிளைப் பிடுங்கி அதில் நேரே சொருகிவிடுவார். டிஐ பாக்ஸ் செய்வது சின்ன வேலைதான்: கிதாரின் மெலிந்த சிக்னலை நீண்ட கேபிளில் இரைச்சலில்லாமல் மிக்ஸருக்கு அனுப்பும். பந்தலில் உள்ள அத்தனை பேரும் கேட்பது அந்த ஒலியை. கேபினட் மேல் யாரோ பிரசாதத் தட்டை வைத்திருப்பார்கள்.

அதே மேடையில் அடுத்து ஏறும் கல்லூரிப் பையன், ஜூம் பி1 ஃபோர் என்ற உள்ளங்கைப் பெட்டியைப் பையிலிருந்து எடுப்பான். கம்ப்ரெஸர், ஆக்டேவ், ஓவர்டிரைவ், புகழ்பெற்ற ஆம்புகளின் நகல் எல்லாம் அதற்குள். நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும். "அங்கிள், நல்லா கேட்டுச்சா?" என்பான். நன்றாகத்தான் கேட்டிருக்கும். "டிஜிட்டல் வாசனை அடிக்குது தம்பி" என்பார் நம்மவர்.

டெட்ராயிட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். அறுபதுகளின் மோட்டவுன் ஹிட் பாடல்களில் பெரும்பாலானவற்றில் ஒலிப்பது அவர் பாஸ். வலது கையின் ஒற்றை விரலால் வாசித்தார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பெரும்பாலான பதிவுகளில் அவர் கிதார் நேராக மிக்ஸருக்குத்தான் போனது. பந்தல் காண்டிராக்டர் செய்ததும் ஏறக்குறைய அதேதான். இதை நம்மவரிடம் சொன்னால் மறுக்கமாட்டார். "கரெக்ட்" என்று தலையாட்டி, ஜேமர்சன் கிளப்புகளில் வைத்திருந்த பழைய ஆம்பெக் பி-15 ஆம்பின் விலையைக் கைப்பேசியில் தேட ஆரம்பித்துவிடுவார்.

மொத்தத்தில் இவர் யாருக்கும் கெடுதல் செய்பவர் அல்ல. காக்காவின் தூக்கத்தைத் தவிர. பாஸ் கற்க ஆரம்பித்து, பெடலுக்குக் கையில் பணமில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு யோசனை. கடைக்குப் போக வேண்டாம். ஐரோலியில் இப்படி ஒருவரைப் பிடியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து பெடல் விற்பார். அட்டைப்பெட்டி, ரசீது, அடியில் ஒட்டும் ரப்பர் எல்லாம் பத்திரமாக இருக்கும். வாசித்த அடையாளமே இருக்காது. விலையும் நியாயம். ஏன் விற்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தாணேக்குப் போகும் கடைசி வண்டி போய்விடும்.