கோட்டுச்சேரிமேட்டில் குரு பெயர்ச்சி

எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தால் அரை மணிக்குள் திருநள்ளாறு. அவ்வளவு பக்கத்தில் சனீஸ்வரனை வைத்துக்கொண்டு, "குரு என்ன சொல்றார்னு கேக்கப் போறேம்மா" என்று நான் சொன்னால் அம்மா என்ன நினைப்பாள்? "ஆலங்குடிதானே, போயிட்டு வா. இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள். போகப் போவது ஆலங்குடிக்கு இல்லை, கொல்லைப்புறத்துக்கு என்று புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று.

வியாழன் நிஜமாகவே பேசுகிற கிரகம். அதன் காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள் ரேடியோ அலைகளாகக் கத்துகின்றன. 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அந்தக் கச்சேரி. 1955-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும் வேறெதையோ தேடப் போய் இதில் இடறினார்கள். யாரோ பண்ணையாளின் வண்டி இன்ஜின் கிளப்பும் தொல்லை என்றுதான் முதலில் சந்தேகம். வண்டிக்காரன் தினமும் நாலு நிமிஷம் முந்தி வரமாட்டானே என்று பார்த்தால் வியாழன். அயோ என்கிற நிலா சரியான இடத்துக்கு வந்தால் சத்தம் கூடும் என்பதை 1964-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே எனக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு: வியாழன் தன்னைச் சுற்ற 9 மணி 55 நிமிஷம், அயோ வியாழனைச் சுற்ற நாற்பத்திரண்டரை மணி. இரண்டும் பொருந்தும் வேளைதான் முகூர்த்தம். அது எப்போதும் அகால வேளையாகவே இருக்கும்.

பெங்களூரில் இருபத்தாறு வருஷம் நான் பார்த்தது எலக்ட்ரானிக்ஸ் டிசைன் வேலை. சார்ஜர், அடாப்டர், விளக்குக்கு உள்ளே இருக்கும் பவர் சப்ளை. ஊரில் இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. "டிவி ரிப்பேரு" என்று எடுத்துக்கொண்டார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திரும்பிய வாரத்திலேயே வாசலில் மூன்று ஜிபிஎஸ், ஒரு வயர்லெஸ் செட், உப்புத் தண்ணீர் குடித்த ஒரு எக்கோ சவுண்டர் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

இருபது மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா என்றால் பெரிய வித்தை இல்லை. ஏழு மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கேபிளைப் பற்றவைத்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் போதும். நாலு சவுக்குக் கழி, கொஞ்சம் நைலான் கயிறு. கயிற்றுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்?

கம்பி கட்டிய மறுநாள் அதில் சித்தியின் புடவை. அதற்கு மறுநாள் வரிசையாக வாளைக் கருவாடு. உப்பு ஊறிய வாளை தொங்கினால் ஆன்டெனாவின் அதிர்வெண் எவ்வளவு இறங்கும் என்று நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை. அளந்து பார்த்தேன். இருநூறு கிலோஹெர்ட்ஸ். "ரொம்ப நல்லா காயுதுடா, இன்னொண்ணு கட்டேன்" என்றார் சித்தி. 1937-ல் அமெரிக்காவில் க்ரோட் ரீபர் என்ற ரேடியோ இன்ஜினியர் தன் வீட்டுத் தோட்டத்தில் சொந்தக் காசில் முப்பத்தோரு அடி டிஷ் கட்டி, பல வருஷம் தனி ஆளாக வானத்தைக் கேட்டார். அவருடைய அம்மாவும் அதில் துணி காயப்போட்டாராம். குலவழக்கம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பஞ்சாயத்தாரில் ஒரு மாமா வந்தார். கழியைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது சுனாமி சொல்ற மிஷினா?"

2004-க்குப் பிறகு எங்கள் கரையில் உயரமாக எதை நட்டாலும் முதலில் இந்தக் கேள்விதான் வரும். யாரும் சிரிக்கமாட்டோம்.

"இல்ல மாமா."

"மீன் எங்க கெடக்குன்னு காட்டுமா?"

"காட்டாது மாமா."

"புயலு?"

"அதுவும் சொல்லாது."

"அப்ப எதுக்கு தம்பி மெனக்கெடுற?"

பதில் யோசிப்பதற்குள் அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டார்.

கல்லூரியில் ஊட்டி முத்தொரைக்கு அழைத்துப் போனபோது பிடித்த கிறுக்கு இது. கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி 1970-ல் வேலைக்கு வந்த ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி இருப்பது பதினோரு டிகிரி அட்சரேகையில். அதே பதினோரு டிகிரி சரிவுள்ள மலையாகத் தேடிப்பிடித்து, வடக்கு தெற்காகப் படுக்கவைத்துவிட்டார்கள். தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே பக்கம் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு நட்சத்திரத்தை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். மிச்சம் பிடிப்பதென்றால் அப்படிப் பிடிக்கவேண்டும். நான் மிச்சம் பிடித்த கதை வேறு.

முதல் ராத்திரி ஹெட்போனை மாட்டினால் குரு இல்லை, "ங்ங்ங்" என்று ஒரே இரைச்சல். திரையில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 65 கிலோஹெர்ட்ஸ். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு பதினோரு மணிக்குத் தெருத்தெருவாக நடந்தேன். இரைச்சல் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் திரும்பவேண்டும். நாலு நாயும் கூடவே வந்தன. கடைசியில் சித்தி வீட்டுத் திண்ணை எல்இடி விளக்கின் கீழே ரேடியோ அலறியது. விளக்கைக் கழற்றித் திறந்தேன். பச்சைப் பலகை. எல்1 என்று அச்சடித்த இடத்தில், இந்த இரைச்சலை அடக்க இருக்கவேண்டிய சோக் சுருள் இல்லை, இரண்டு கம்பித் துண்டு. ஓரத்தில் பொடி எழுத்தில் என் இனிஷியல்.

ஆறு ரூபாய்ச் சுருள் அது. பரிசோதனைக்கூடத்துக்குப் போன மாதிரியில் இருந்தது. உற்பத்திக்குப் போகும்போது, "இது இல்லாமலும் எரியுதே?" என்று மேலே கேட்டார்கள். எரியத்தான் செய்யும். தலையாட்டினேன். அந்த வருஷம் செலவைக் குறைத்ததற்காக எனக்குக் கேடயம்கூடத் தந்தார்கள். அம்மா அதை சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

பக்கத்து மூன்று வீட்டு விளக்குகளுக்குச் சுருள் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தேன். ஊர் முழுக்க எத்தனை என்று எண்ணவில்லை. தைரியம் வரவில்லை.

மார்கழியில் ஒரு ராத்திரி, ஒரு மணி இருக்கும், கரண்ட் போனது. வாடைக் காற்று. ரிசீவரும் லேப்டாப்பும் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. சீப்பு ஒரே நொடியில் காணாமல் போய், திரை கருப்பானது. கொஞ்ச நேரத்தில் ஹெட்போனில் ஒரு "ஷ்ஷ்ஷ்..." மெல்ல எழும்பி, விரிந்து, அடங்கி, மறுபடி எழும்பியது. கையெல்லாம் நடுங்க அம்மாவை எழுப்பி, ஹெட்போனை அவள் காதில் வைத்தேன்.

கண்ணை மூடிக் கேட்டாள்.

"கடலுடா."

"இல்லம்மா, குரு!"

"இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு கம்பி? வாசக்கதவத் தொறந்தா கேக்குமே."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வியாழனின் நீள வெடிப்புகள் கரையில் அலை வந்து மோதுவது போல இருக்கும் என்றுதான் கேட்டவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் நடுவில், கடலே பார்க்காத ஊரில் உட்கார்ந்து கேட்டால் புல்லரிக்கும். கோட்டுச்சேரிமேட்டில் என்ன செய்வது? ஆன்டெனாக் கேபிளைப் பிடுங்கினேன். ஹெட்போன் ஊமையானது, வெளியே அலை நிற்கவில்லை. மறுபடி சொருகினேன். இரண்டு கடல். "கேட்டியா?" என்றேன். அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது என்றேன். அம்மா இந்த முறை ஹெட்போனைக் கழற்றவில்லை.

பத்து நிமிஷம் போயிருக்கும். கரண்ட் வந்தது. தெரு முழுக்க எல்இடி விளக்குகள் பளிச்சென்று எரிய, திரையில் சீப்புப் பற்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.

"என்னடா, குரு போயிட்டாரா?"

"இல்லம்மா, நான் வந்துட்டேன்."