நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு சீசன்

பென்சில்வேனியா,
மார்கழிக் கடைசி.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முட்டிவலி தேவலையா? மக்காச்சோளத்தை நீங்கள் அறுத்தீர்களா, இல்லை இந்த வருஷமும் காட்டுப்பன்றிதான் அறுத்ததா?

"ஏண்டா, அங்கே காடு கரை உண்டா, முயல் கியல் கிடைக்குமா?" என்று போனில் கேட்டீர்கள். ஸ்பீக்கரில் பெரியம்மாவும் இருந்ததால் அப்போது பேச்சை மாற்றினேன். பதில் இதோ. படித்ததும் கிழித்துவிடவும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் வயசு இருக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியற்காலையில் கதவைத் தட்டினார். மான்தோல் சட்டை, இடுப்பில் கருமருந்து அடைத்த மாட்டுக்கொம்பு, தோளில் நெஞ்சுயரத்துக்கு ஒரு நீளத் துப்பாக்கி. நம் எறையூர் நரிக்குறவர்கள் தோளில் ஒரு காலத்தில் பார்த்த அதே சாமான்தான், கொஞ்சம் பாலிஷ் கூடுதல். நம்மூரில் கேப் வைத்து அடிப்பார்கள். இங்கே அதுகூடக் கூடாது. 1974இல் தொடங்கிய இந்த வேட்டைச் சீசனில் மான் சுட சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டுந்தான் அனுமதி. கணினியில் ராக்கெட் ஓட்டுகிற தேசம், கிறிஸ்துமஸ் முடிந்ததும் திப்பு சுல்தான் காலத்துக்குப் போய்விடுகிறது.

சுடுவது பெரிய சடங்கு பெரியப்பா. மருந்தை அளந்து குழாயில் கொட்டி, எண்ணெய்த் துணியில் ஈயக் குண்டைச் சுற்றிக் குழாய் வாயில் வைத்து, கம்பியால் அடிவரை கெட்டிக்க வேண்டும். பக்கவாட்டுக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் குதிரை கல்லோடு போய் இரும்பில் மோதும், பொறி பறக்கும், கிண்ணம் 'புஸ்' என்னும், அதற்குப் பிறகுதான் 'டமார்'. மானுக்கு அந்த இடைவெளி போதும். பனி ஈரத்தில் மருந்து நமுத்தால் 'புஸ்' மட்டும் வரும். அன்றைக்கு நமுத்திருந்தது. பெரியவர் சொன்ன இங்கிலீஷ் கெட்டவார்த்தைகளை இங்கே எழுதவில்லை.

என் வேலை காடு கலைப்பது. ஒரு பக்கத்திலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே நடந்து, மானை மறுபக்கம் நிற்பவர் முன்னால் தள்ளிவிட வேண்டும். எம்.சி.ஏ. படித்ததற்கு இதுவரை கிடைத்ததில் உருப்படியான உத்தியோகம் இதுதான்.

காடு எங்கே என்கிறீர்களா? வேட்டைக்கென்றே இந்த மாநில அரசாங்கம் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிறது. லைசென்ஸ் இருந்தால் யாரும் போகலாம். ஆனால் நாம் போட்டோ எடுத்து அனுப்ப ஆசைப்படுகிற, வானத்தை முட்டும் மரக்காடு முயலுக்கு ஆகாது. மரம் வெயிலை மறைத்துவிடும், அடியில் புல் பூண்டு முளைக்காது. வெட்டிச் சில வருஷமே ஆன காடு, முள்ளும் கொடியும் மண்டிய ஓரம், கைவிட்ட தோட்டத்து வேலி, அங்கேதான் முயல். பச்சமலை அடிவாரத்தில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அணிலுக்கு ஓக் மரமும் ஹிக்கரி மரமும் வேண்டும். அண்ணாந்து பார்ப்பவன் வெறுங்கையோடு வருவான். பெரியவர் தரையைத்தான் பார்க்கிறார். ஹிக்கரி மரத்தடியில் குனிந்து கொறித்துப்போட்ட ஓட்டுச் சில்லை எடுத்தார். வெட்டுவாய் இன்னும் கறுக்கவில்லை. "இன்று காலை" என்று கிசுகிசுத்து, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். இந்த வித்தைக்கு இங்கே வகுப்பு, புத்தகம், வீடியோ எல்லாம் உண்டு. எறையூரில் சின்னப் பையன் காசு வாங்காமல் சொல்லுவான். சொன்னால் அவன் அப்பனைத் தேடி ஜீப் வரும். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2022 டிசம்பரில்தான் பார்லிமென்டுக்கு நேரம் கிடைத்தது.

இந்த அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. ராமர் தடவாத அணில் என்பதால் பெரியம்மா மன்னிக்கக்கூடும். ஒருவருக்கு நாளைக்கு ஆறு வரை அனுமதி.

சட்டம்தான் தலைகீழ். அமெரிக்க மத்திய அரசின் 1968ஆம் வருஷச் சட்டப்படி, மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி துப்பாக்கியே இல்லை. தபாலில் வரவழைக்கலாம், கூரியர் பையன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். அதையே நம் வீட்டுப் பரணில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் உள்ளே போவோம், மறுநாள் பேப்பரில் போலீஸ்காரர்கள் பின்னால் நிற்க போட்டோவும் வரும். லைசென்ஸ் இருந்தாலும் தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சுடுவதற்கோ 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி முயல், கவுதாரி, காடை எதைத் தொட்டாலும் கேஸ். அது சரிதான் என்றே படுகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் தேடி வந்து கிணற்றில் விழும் சித்தளிப் பக்கத்து மான்களுக்குத் துப்பாக்கி வேறா? அரியலூர் அத்தை வீட்டுப் பக்கம் பாதி நிலத்தைச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தின்றுவிட்டது. கரைவெட்டி ஏரியாவது பறவைக்கென்று மிஞ்சியிருக்கிறது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

ஒன்று மட்டும் எனக்கு ஜீரணமாகவில்லை. ஃபெசன்ட் என்று ஒரு கோழி, மயிலுக்குத் தூரத்துச் சொந்தம். அரசாங்கமே பண்ணையில் வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் வளர்த்துக் காட்டில் விடுகிறது. பிறகு மக்கள் தனிப் பணம் கட்டி, தலை, நெஞ்சு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலத்துக்கு ஆரஞ்சுத் துணி மாட்டிக்கொண்டு, பதுங்கிப் பதுங்கிப் போய்ச் சுடுகிறார்கள். பல்லடத்து பிராய்லரை வாங்கி நம் சோளக்கொல்லையில் விட்டு, மறுநாள் வீரத்தோடு போனால் எப்படி? ஆரஞ்சு கோழிக்காக அல்ல, கூட வருகிற மனிதன் தோட்டாவுக்குத் தப்புவதற்காக.

பெரியவர் கொடுத்த முயலைப் பெரியம்மா பக்குவத்தில் வைத்தேன். மிளகு கிடைத்தது, செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கு எங்கே போவது? கடையில் அதன் சாயலில் ஒன்று தங்க விலைக்கு விற்கிறான்.

அடுத்த வருஷம் நீங்களே வாருங்கள். முதல்முறை லைசென்ஸ் வாங்குபவர் வேட்டைப் பாடம் படித்துப் பரீட்சையில் பாஸாக வேண்டும், அவ்வளவுதான். பெரியம்மா கேட்டால் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்