சித்திரைக் குயிலும் கண்டிக் காகமும்: ஓர் ஆராய்ச்சி

சித்திரை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது கண்டி கொழும்பு வீதியில் யாரும் நடப்பதில்லை, நகர்த்தப்படுகிறார்கள். இது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உடம்பைச் சனத்திடம் ஒப்படைத்துவிட்டால் போதும். கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் பஸ் ஏறி வந்த சனம், தான் நினைத்த கடையில் நம்மை இறக்கிவிடும். சாரம் வாங்கக் கிளம்பிய ஆய்வாளர் மூன்று தடவை பிளாஸ்டிக் வாளிக் கடையைத் தரிசித்தது இப்படித்தான்.

அடுத்தது இசை. கடைக்குக் கடை ஒலிபெருக்கியில் குயில் கூவுகிறது. இடையிடையே ரபான் மேளத் தாளம். புத்தாண்டின் கட்டியக்காரன் குயில் என்பது சிங்கள மரபு. தலதா மாளிகைக்குப் பின்னே உடவத்தகெலே காட்டில் நிஜக் குயிலும் கூவத்தான் செய்கிறது, பாவம், அதற்கு மைக் இல்லை. (டிசம்பரில் இதே பெட்டிகளில் 'ஜிங்கிள் பெல்ஸ்'. 1857இல் அச்சேறிய அந்தப் பாட்டில் கிறிஸ்மஸ் என்ற சொல்லே கிடையாது. இருப்பது பனியில் ஓடும் குதிரை வண்டி. கண்டியில் அதை எங்கே ஓட்டுவது?)

இனி மையக் கருதுகோள். குயில் கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தன் குஞ்சென்று நம்பி இரை தேடிக் கொடுப்பது காகம். கடைவாசற் படிகளில் ஏழெட்டுப் பைகளோடு நிற்கும் ஆண்களை ஆய்வாளர் உற்று நோக்கினார். பைகளுக்குள் அவர்களுடைய பொருள் என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை. கண்ணாடிக் கதவில் தெரிந்த கடைசிக் காகத்துக்கு ஆய்வாளரின் மூக்குக்கண்ணாடியே இருந்தது.

புத்தாண்டு உடுப்பின் நிறம் தனிச் சிக்கல். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நிறம் சொல்லும், திருக்கணிதம் வேறொன்று சொல்லும். மனைவி வாக்கியம், மாமியார் திருக்கணிதம். இரண்டுக்கும் பொதுவான சேலை கேட்டபோது கடைப் பையன் தேநீர் குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்ததாகச் சான்றில்லை.

புத்தாண்டுப் பிறப்பையொட்டி வரும், சிங்களவர் நோனகதய என்றழைக்கும் புண்ணிய காலம் 12 மணித்தியாலம் 48 நிமிடம். அதன் முதற் பாதியில் அடுப்பில்லை, வேலையில்லை, கடையில்லை. விடிகிற நேரம் ஆய்வாளர் காட்டோரத்து வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஊரே அடங்கிக் கிடந்தது. மரத்திலிருந்து ஒரு குயில், ஒரேயொரு தரம், கூவியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இங்க பாருங்க, ஏதோ கட தொறந்திருக்கு போல!"