ஏ பக்கம், பி பக்கம்

1994இல் மலேசியாவின் செலாயாங் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கேசட் கடை எங்கே என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறிப் பாட்டு எங்கே கேட்கிறதோ, அதுதான் கடை. மூன்று கேசட் பத்து வெள்ளி. அட்டையெல்லாம் ஜெராக்ஸ். எனக்குப் பதினாறு வயது. அங்கே ஒரு கூடையில் ஒருநாள் எங்கள் லோரோங் (சந்து) அண்ணனின் கேசட் கிடந்தது.

அவரே எழுதி, மெட்டுப் போட்டு, கூட்டுப் பணத்தை எடுத்து ஸ்டூடியோவுக்குக் கட்டிக் கொண்டுவந்த பாட்டுகள். ஆயிரம் கேசட் போட்டார். ஒன்று எட்டு வெள்ளி. நான் கூடையில் இருந்ததை வாங்கினேன். நம் லோரோங் ஆளின் பாட்டு கடைக்கே வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். அவர் வீட்டில் பாதிக்கு மேல் பெட்டி பிரிக்காமல் கிடந்தது எனக்குத் தெரியாது. பிறகு ஒரு வெள்ளத்தில் அவையும் போயின.

இப்படித் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து விற்பதற்கு மலாயில் 'செத்தாக் ரொம்பாக்' என்று பெயர். அச்சு, கொள்ளை. அந்தக் கொள்ளையில் என் மூன்று வெள்ளிச் சொச்சமும் இருந்தது.

சட்டம் அன்றும் இருந்தது, மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஒலிப்பதிவு வெளியான ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள் அதற்குக் காவல் உண்டு. அப்படியானால் அண்ணனின் கேசட்டுக்கு 2044 முடியும்வரை. ஆனால் இரண்டாவது கேசட்டுக்கு வைத்திருந்த பாட்டுகள் நோட்டுப் புத்தகத்தைத் தாண்டவே இல்லை. பதிப்புரிமை எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. 1710இல் பிரிட்டன் கொண்டுவந்த பதிப்புரிமைச் சட்டம் கல்வியை ஊக்குவிப்பதற்கு என்று தன் தலைப்பிலேயே சொன்னது. புது நூலுக்கு 14 ஆண்டு. ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14. எழுதியவர் அடுத்ததை எழுத ஒரு காலம், பிறகு ஊருக்கு. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டு, பின்னர் பொதுமக்களுக்கே விட்டது. குடும்பத்துக்கும் பணம் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தால்தான் நியாயம்.

இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வெளியான இரவே லிங்க் வந்துவிடுகிறது. திருட்டு ஒளிபரப்புக்கான கருவியையோ செயலியையோ விற்றால் எங்கள் பதிப்புரிமைச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி 20 ஆண்டுவரை சிறை. லிங்க் நிற்கவில்லை. நான் திறப்பதில்லை, பிள்ளைகளிடம் அண்ணனின் கதையைச் சொல்கிறேன்.

அண்ணன் இன்று பாசார் போரோங்கில் (மொத்தச் சந்தை) விடியற்காலை லோரியிலிருந்து காய்கறி இறக்குகிறார். போன மாதம் பேத்திக்குப் போட்டுக் காட்ட அந்தக் கேசட் கேட்டு அலைந்தார். அவரிடம் ஒன்றுகூட இல்லை. என்னிடம் இருந்தது. அந்த ஜெராக்ஸ் அட்டைக் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், எங்கே வாங்கினேன் என்பதையும் சொல்லி.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் பெயர் எங்கும் இல்லை.

"ரெண்டாவது பாட்டைக் கொண்டுபோய் எட்டாவதா போட்டுட்டானுங்க தம்பி" என்றார்.