உட்கார்ந்த இடத்திலேயே ஏற்றுமதி

ஏற்றுமதி என்றால் கப்பல் வேண்டும், சுங்க அதிகாரி வேண்டும், போகட்டும், ஒரு சாக்குமூட்டையாவது வேண்டும் என்று நம்புகிறவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்து ஆய்வகத்தை எட்டிப் பார்க்கவேண்டும். அங்கே வாயைத் திறந்தாலே சரக்கு கடல் தாண்டிவிடும். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள கருவியின் நுட்பத்தைப் பேராசிரியர் ஈரானிய மாணவருக்கு விளக்கினால், சட்டத்தின் கணக்கில் அது அந்த நொடியே ஈரானில் போய் இறங்கிவிட்டது. 'ஏற்றுமதியாகக் கருதப்படுவது' என்று இதற்கு முறையான பெயரே உண்டு. மறுநாள் தபாலில் அந்தப் பையனுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டால்? அதே நாற்காலி, அதே விளக்கம், குற்றமில்லை. தேசப் பாதுகாப்பு தபால்காரர் பையில் வருகிறது!

இந்த மேதைமை நேற்று முளைத்ததல்ல. 1994-இல் ஃபில் கார்ன் என்ற பொறியாளர் மறையாக்கம் பற்றிய ஒரு புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று அரசைக் கேட்டார். தாராளமாக என்றார்கள். அதன் பின்பக்கங்களில் அச்சாகியிருந்த நிரலை ஃபிளாப்பியில் போட்டு அனுப்பலாமா என்றார். கூடாது, அது போர்த்தளவாடம்! டாங்கி, ஏவுகணையோடு ஒரே பட்டியலில் ஃபிளாப்பி. வெளிநாட்டானுக்குத் தட்டச்சு தெரியாது என்று வாஷிங்டனில் யாரோ உறுதி கொடுத்திருக்கவேண்டும். பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளை எழுதிய ஃபில் சிம்மர்மன் மீது அப்போது குற்றவிசாரணை நடந்துகொண்டிருந்தது, 1995-இல் எம்.ஐ.டி. பதிப்பகம் அதன் மூலநிரலையே புத்தகமாகப் போட்டது. ஆயுதம் அட்டை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தது. பெர்க்லியில் கணிதம் படித்த டேனியல் பெர்ன்ஸ்டைனிடமோ, உன் நிரலை வெளியிட ஆயுத வியாபாரியாகப் பதிவு செய்துகொள் என்றார்கள். அவர் நீதிமன்றம் போனார்.

சிரித்துத் தொலைக்கலாம், இவர்கள் கையில் துப்பாக்கி இல்லாதிருந்தால். 2015 மே மாதம், விடியற்காலை. டெம்பிள் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஷி ஷியாவ்ஷிங் வீட்டில் எஃப்.பி.ஐ. நுழைந்தது. மனைவிக்கும் மகள்களுக்கும் நேராகத் துப்பாக்கி, அவருக்குக் கைவிலங்கு. மீக்கடத்திக் கருவி ஒன்றின் வரைபடத்தைச் சீனாவுக்குக் கொடுத்தாராம். வழக்கின் பெயர் என்னவோ மோசடி. உள்ளே இருந்தது இதே பீதி. அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவரே, படத்தில் இருப்பது என் கருவி இல்லை என்றார். செப்டம்பரில் வழக்கைச் சுருட்டிக்கொண்டார்கள். ஒரு குடும்பத்தைத் துப்பாக்கிமுனையில் நிறுத்துவதற்கு முன், அந்தப் படத்தை இயற்பியல் படித்த யாரிடமாவது காட்டியிருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும். அதற்கு என்ன அனுமதிச்சீட்டு தேவைப்பட்டதோ!

மறையாக்கம் வெளியே போய்விடக் கூடாதென்று அத்தனை காவல் காத்த அரசு, தன் ரகசியங்களைப் பூட்டுவதற்கு நல்ல பூட்டு வேண்டுமென்று உலகம் முழுக்க அழைப்பு விடுத்தது. 2000-ஆம் ஆண்டு தேர்வான பூட்டைச் செய்தவர்கள் இருவர். இருவரும் பெல்ஜியக்காரர்கள்.