ஒன்பது புள்ளி ஒன்று ஆறு

1986-ல் நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கூட்டு ஊசலை ஆட்டுவதற்கு முன்பே விடை எல்லோருக்கும் தெரியும்: புவியீர்ப்பு முடுக்கம் 9.8. இருபது அலைவுக்கு ஸ்டாப் கிளாக்கில் நேரம் பார்ப்போம். விடை 9.8-க்குப் பக்கத்தில் வராவிட்டால் கணக்கைக் கீழிருந்து மேலே போடுவோம். எந்த நேரம் வந்திருந்தால் சரியாக இருக்குமோ அந்த நேரத்தை அட்டவணையில் நிரப்புவோம். ‘வேல்யூ கொண்டுவருவது’ என்று அதற்குப் பெயர்.

ரெக்கார்டு நோட்டு சீனியர் அண்ணன்களிடமிருந்து வரும். அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்களிடமிருந்து வந்தது. பிழையும் கூடவே வரும். நிறமாலைமானி சோதனையில் எவரோ ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். ‘முப்பட்டகத்தை மேசைமீது வைத்து’ என்பதோடு வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். மூன்று செட் மாணவர்களின் நோட்டில் அது அதே இடத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படியே நிறுத்தினேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில்தான் இருக்கும், ‘இன்னார் செய்த சோதனைகளின் உண்மையான பதிவு’ என்ற சான்று.

என் விடுதி நண்பன் ஒருவன் மட்டும் வேல்யூ கொண்டுவர மறுத்தான். அவனுக்கு 9.16 வந்தது. மறுபடியும் செய்தான், மறுபடியும் அதை ஒட்டியே வந்தது. மூன்றாம் முறை தன் அப்பாவின் கைக்கடிகாரத்தை வாங்கிவந்து ஸ்டாப் கிளாக்குக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு நிமிடத்துக்குள் கிளாக் இரண்டு நொடி முந்தியது. வேகமாக ஓடும் கிளாக் அலைவு நேரத்தைக் கூட்டிக் காட்டும். விடையை அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம் என்பதால் பிழை ஏறக்குறைய இரட்டிக்கும். 9.78 வரவேண்டிய இடத்தில் 9.16 வரும். கணக்கு அச்சாகப் பொருந்தியது. அந்த ஆண்டு அந்த அறையில் யாராவது எதையாவது கண்டுபிடித்தார்கள் என்றால் அது இது ஒன்றுதான்.

அதை அவன் அப்படியே எழுதிக்கொண்டு போனான். ஆசிரியர் சிவப்பு மையில் ‘ரிபீட்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். 9.79 என்று எழுதியிருந்த எனக்குக் கையெழுத்து கிடைத்தது. பக்கத்திலேயே நின்றிருந்தேன். கிளாக் ஓடியதை என் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது மேசையின் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வேடு என்றால் ‘பர்சன்டேஜ்’ என்ற பேச்சோடுதான் மாணவர்கள் வருகிறார்கள். யூஜிசி 2018-ல் கொண்டுவந்த விதிப்படி பத்து விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை போனால் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ந்து 14 சொற்கள் வரை பொதுவாக வழங்கும் தொடர்களுக்கு விலக்கு உண்டு. அந்த 14-ஐப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல அறிந்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் சொல்லில் வாக்கியத்தை உடைக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு எம்.எஸ்சி. மாணவியின் அறிக்கையில் ஒப்புமை 38 வந்தது. நான்கே நாளில் திரும்பி வந்தாள். “எட்டுக்குக் கொண்டுவந்துட்டேன் சார்.” படித்தேன். ‘சிக்னல் டு நாய்ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபிளாக் டு கமோஷன்’ இருந்தது. குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், கொடிக்கும் கலவரத்துக்கும் உள்ள விகிதமாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடும் மென்பொருளின் வேலை. இத்தகைய சிதைந்த தொடர்கள் அச்சான ஆய்வுக் கட்டுரைகளிலேயே மலிந்து கிடப்பதை 2021-ல் கணினி ஆய்வாளர்கள் மூவர் வெளிக்கொண்டு வந்தார்கள்.

“லேப்டாப்பை மூடிட்டு, நீ என்ன செஞ்சேன்னு தமிழ்ல சொல்லும்மா” என்றேன்.

அருமையாகச் சொன்னாள். துளசிச் சாற்றில் சிங்க் ஆக்சைடு நானோ துகள் செய்த கதை. ஐந்து மாதிரிகள். அறிக்கையில் நான்குதானே இருக்கிறது என்று கேட்டேன். குரல் தாழ்ந்தது. “நாலாவது சாம்பிளை விட்டுட்டேன் சார். பேப்பர்ல எல்லாம் பீக் 370 நானோமீட்டர் பக்கம்தான் வருது. அது மட்டும் வரல.”

ஊரார் வாக்கியங்களைச் சேர்த்திருந்தாள். தன் கையால் அளந்த ஒன்றை நீக்கியிருந்தாள். முதலாவதைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது. இரண்டாவது எந்த விழுக்காட்டிலும் வராது. எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

மில்லிகனின் எண்ணெய்த் துளி சோதனையை வகுப்பில் நடத்துகிறோம். 1913 கட்டுரையில் 58 துளிகளைச் சொல்லி, அறுபது நாளில் ஆராய்ந்த எல்லாத் துளிகளும் இவையே என்று எழுதினார். அவருடைய குறிப்பேட்டில் அதைவிட அதிகத் துளிகள் இருக்கின்றன. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த எண் சற்றுத் தவறு என்பதால் எலக்ட்ரானின் மின்னூட்டம் கொஞ்சம் குறைவாக வந்தது. பின்னால் வந்தவர்கள் அவர் மதிப்பைவிட்டு விலக அஞ்சி, சரியான எண்ணை நோக்கி மெல்ல மெல்லத்தான் நகர்ந்தார்கள் என்று ஃபெய்ன்மன் 1974-ல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் வருத்தத்தோடு சொன்னார். எங்கள் 9.8-ம் அந்த அச்சம்தான். இதைப் பாடத்தில் சேர்த்து நடத்த எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது.

“நாலாவதைச் சேர்த்து எழுது” என்றேன்.

“எக்ஸ்டர்னல் கேட்டா என்ன சார் சொல்றது? மார்க் போயிடுமே.”

“நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். நான் பேசறேன்.”

என் நண்பனின் ஸ்டாப் கிளாக் கதையையும் சொன்னேன். நான் பேசாமல் நின்றதையும் சொன்னேன்.

அடுத்த வாரம் கொண்டுவந்த அத்தியாயத்தில் ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. கொடியும் கலவரமும் போயிருந்தன. அட்டவணையில் ஐந்து வரிசை இருந்தது. நான்காவதன் கீழே அவளே எழுதியிருந்தாள்: மாதிரி சூளையில் இருந்தபோது மின்சாரம் நின்றது, எவ்வளவு நேரம் என்று நான் குறித்துவைக்கவில்லை.