மோனாலிசாவுக்கு மாஸ்க் மாட்டாமல் இருப்பது எப்படி?

பழைய ஓவியத்தை வைத்து விழிப்புணர்வு விளம்பரம் செய்ய, முதலில் ஒரு தொற்றுநோய் வேண்டும். அது தானாக வரும், டெண்டர் விடத் தேவையில்லை. அடுத்து ஒரு பழைய ஓவியம். வரைந்தவர் செத்துச் சில நூறு ஆண்டுகளாவது ஆகியிருந்தால் நல்லது. ராயல்டி கேட்டு வாரிசு யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்.

உங்களுக்குப் பிடித்த ஓவியத்தை எடுக்காதீர்கள். பிஸ்கட் டப்பா மூடியிலாவது ஊரே பார்த்திருக்க வேண்டும். ஒரிஜினலை அறியாதவருக்கு மாஸ்க் போட்ட பெண் வெறும் மாஸ்க் போட்ட பெண்தான். அதனால்தான் எல்லோரும் மோனாலிசாவிடம் ஓடுகிறார்கள். அவளிடம் இருப்பதே அந்தச் சிரிப்பு ஒன்று, புருவம்கூடக் கிடையாது. அதையும் மூடிவிட்டால் மிஞ்சுவது நெற்றியும் கையும்.

2020இல் உக்ரைனின் பண்பாட்டு அமைச்சகம் ஒரு விளம்பர நிறுவனத்தோடு சேர்ந்து கொரோனா விழிப்புணர்வுக்காகச் செய்ததைப் பாருங்கள். சிஸ்டைன் சேப்பல் கூரையில் மைக்கேலாஞ்சலோ வரைந்த ‘ஆதாமின் படைப்பு’. கடவுளின் விரலும் ஆதாமின் விரலும் தொட்டுவிடப் போகும் நேரத்தில் நின்றுவிடும். அந்த இடைவெளிக்குத் தத்துவ விளக்கம் எழுதியே ஐந்நூறு வருடம் ஓடிவிட்டது. உக்ரைன்காரர்கள் அதில் ஒரு சானிடைசர் பாட்டிலைச் செருகினார்கள். முடிந்தது.

அதைவிட நல்லது லியோனார்டோவின் ‘இறுதி இராவுணவு’. பதின்மூன்று பேர், மேசைக்கு ஒரே பக்கமாக. சீடர்கள் மும்மூன்று பேராக நான்கு கும்பல். பேதுரு யோவானின் காதருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பேசுகிறார். இயேசுவுக்கும் யோவானுக்கும் நடுவில் மட்டும்தான் உருப்படியான இடைவெளி. சுகாதார ஆய்வாளர் பார்த்தால் கூடத்துக்கே சீல் வைப்பார். இதில் உக்ரைன்காரர்கள் எதையும் சேர்க்கவில்லை. பன்னிரண்டு பேரையும் அழித்துவிட்டு இயேசுவைத் தனியாகச் சாப்பிட உட்காரவைத்தார்கள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அந்த நீண்ட மேசையைப் பார்க்க என்னவோ போலிருந்தது. பொதுமுடக்கத்தில் தனியாகச் சாப்பிட்டவர்களுக்குப் புரியும்.

துள்ளும் குதிரையில் ஆல்ப்ஸைக் கடப்பதாக ஓவியர் டேவிட் வரைந்த நெப்போலியனை அவர்கள் டெலிவரிக்காரர் ஆக்கியதும் சரிதான். நிஜத்தில் நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதை மேல். குதிரை ஓவியர் போட்ட எக்ஸ்ட்ரா. விளம்பரப் படத்தை மறுபடி விளம்பரமாக்கினால் யார் கோபித்துக்கொள்வது?

மாஸ்க்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இங்கிலாந்தின் பிரிஸ்டலைப் பாருங்கள். வெர்மீரின் முத்துத்தோடு பெண்ணைத் தெரு ஓவியர் பேங்க்ஸி அங்கே ஒரு சுவரில் வரைந்திருக்கிறார். முத்துக்குப் பதில் சுவரிலிருந்த அலாரம் பெட்டி. 2020 ஏப்ரலில் அவள் முகத்தில் ஒரு நீல மாஸ்க் முளைத்தது. வாயை மூடினாலும் கண் இருந்தது, அலாரம் இருந்தது. ஆளை அடையாளம் தெரிந்தது.

படம் தயாரா? இனிதான் கண்டம். அது அதிகாரிகளின் கூட்டத்துக்குப் போகும். ஒருவர் உதவி எண் கேட்பார். ஒருவர் நாலு லோகோ கொடுப்பார். கடவுளுக்கும் ஆதாமுக்கும் நடுவே ‘ஆறடி’ என்று அம்புக்குறி போடச் சொல்வார் இன்னொருவர். மூத்த அதிகாரி மட்டும் ஆதாமையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவருக்கு ஏதாவது உடுத்திவிட முடியாதா?” என்பார்.

அப்போது பையிலிருந்து வேறொரு படத்தை எடுத்து வையுங்கள். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க், ஸ்பானிஷ் ஃப்ளூ கண்டவராகத் தன்னையே 1919இல் வரைந்தது. பிரம்பு நாற்காலி, மடியில் போர்வை, பின்னால் கலைந்த படுக்கை, மூச்சுக்குத் திறந்தது போல வாய். இதில் சேர்க்கவோ அழிக்கவோ எதுவுமில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

“நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். “மாஸ்க்கை மட்டும் போட்டுவிடுங்க.”